இருபத்தேழு டப்பா நட்சத்திரம்

ஆரணிக்கு நட்சத்திரம் ஆட்டோவில் வந்து இறங்கியது. ஆட்டோவின் தலையில் இரண்டு ஒலிபெருக்கி, முதுகில் ஒரு பேனர், உள்ளே தொண்டை கட்டிய ஓர் ஆள்.

"வாருங்கள் பக்தகோடிகளே! சூரியனுக்கு முன்னால் பிறந்த தூசி! அமெரிக்கா ராக்கெட் விட்டுத் தேடும் தூசி! ஆரணியிலேயே கிடைக்கிறது! உங்கள் ஜென்ம நட்சத்திரத்தின் தூசி உங்கள் கையிலேயே!"

இது நடந்தது 2004ஆம் வருடம், பிப்ரவரி மாதம். அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்காக்காரன் அனுப்பிய விண்கலம் ஒன்று வால்நட்சத்திரத்தின் பக்கத்தில் போய்த் தூசி பிடித்ததாகப் பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. அதை ஊரில் நாலு பேர் படித்தார்கள். மூன்று பேர் மறந்துவிட்டார்கள். நாலாவது ஆள் பெயரை மாற்றிக்கொண்டு தாரகானந்தர் ஆகிவிட்டார்.

தை மாதக் கடைசியில் கமண்டல நாக நதியின் மணலில் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்ததாம். விழுந்ததைப் பார்த்தவர் தாரகானந்தர் ஒருவர்தான். ஆரணியில் அத்தனை ஆயிரம் பேர் இருந்தும் வேறு ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. கல்லுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருக்கிறது.

பெரிய கல்யாண மண்டபம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். மணமக்கள் உட்காரும் மேடையில் கல்லை உட்கார வைத்தார்கள். பூசணிக்காய் அளவு, கன்னங்கரேல் என்று, சந்தனம் அப்பி, மாலை போட்டு. அதன் பின்னால் ஒரு திரை. கல்லுக்கு முன்னால் வரிசையாக இருபத்தேழு தகர டப்பா. அசுவினி, பரணி, கார்த்திகை என்று ஒவ்வொன்றிலும் பெயர். ஒரே கல்லில் இருபத்தேழு நட்சத்திரத்தின் தூசியும் எப்படி வந்தது, வந்ததைத் தனித்தனியாக யார் பொறுக்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பவர்களுக்கென்று தனி வரிசை இல்லை.

வந்தவாசியிலிருந்து வந்தார்கள். தேசூரிலிருந்து வந்தார்கள். கண்ணமங்கலத்துப் பேருந்தில் கூரைமேல் உட்கார்ந்துகூட வந்தார்கள்.

"நட்சத்திரம்?" என்பார் தாரகானந்தர், கண்ணைத் திறக்காமல்.

"பூசம், சாமி."

பூச டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை. பொன்னிறமாக மின்னும் பொடி, கொஞ்சம் சாம்பலோடு கலந்தது. காகிதத்தில் மடித்து, நூற்றியொரு ரூபாய் காணிக்கை வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். விடியற்காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சம்பழச் சாற்றில் கரைத்துக் குடிக்க வேண்டும். சர்க்கரை, மூட்டுவலி, குழந்தையின்மை, கடன், மாமியார், எல்லாவற்றுக்கும் அதே அளவுதான்.

களத்துமேட்டு வேலைக்குப் போகும் காத்தாயி என்ற அம்மாள் வரிசையில் திணறிப் போனார். "எனக்கு நட்சத்திரம் இன்னான்னு தெரியாது சாமி. வேர்க்கடலை புடுங்கச் சொல்லோ பொறந்தேன்னு எங்க அம்மா சொல்லும்."

தாரகானந்தர் ஒரு வினாடி கண்ணைத் திறந்தார். "அப்படியானால் கலப்பு நட்சத்திரம்" என்றார். எல்லா டப்பாவிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலக்க வேண்டியிருப்பதால் அதற்குக் காணிக்கை கூடுதல்.

பக்கத்திலேயே ஒலிவாங்கியோடு நின்றவர் சந்திரமோகன். மனை விற்பனைத் தரகர். ஏரிக்குள் மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தவர். இப்போது வானத்துக்குப் போயிருந்தார். பத்திரிகைத் துண்டைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்துக்கொண்டு நிமிடத்துக்கொரு தரம் படிப்பார். "விஞ்ஞானிகளே சொல்லிட்டாங்க! இந்தத் தூசியை நெருப்பு சுடாது! அமிலம் தொடாது! சாகாத தூசி இது! இதைச் சாப்பிட்டா நீங்க?"

"சாக மாட்டோம்!" என்று கூட்டம் கத்தும்.

அப்படிக் கத்தியவர்களில் லீலாவும் ஒருத்தி.

லீலாவுக்கு முப்பத்தைந்து வயது. கணவர் அருணகிரியும் அவளும் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டுப்புடவை நெய்பவர்கள். போன ஐப்பசியில் அவளுக்கு விடாத இருமல். சளியில் ரத்தம். அரசு மருத்துவமனையில் பரிசோதித்து டி.பி. என்றார்கள். ஆறு மாதம் விடாமல் மாத்திரை, செலவு எதுவுமில்லை, நிச்சயம் குணமாகும் என்றார்கள். இரண்டே மாதத்தில் இருமல் அடங்கியது. உடம்பு தேறியது. தறியில் மறுபடி உட்கார்ந்தாள். சளியில் கிருமி இல்லை என்று சீட்டும் வந்தது.

பாதிக் கிணறு தாண்டிய அந்த நேரத்தில்தான் ஆட்டோ தெருவுக்குள் வந்தது.

"இங்கிலீஷ் மாத்திரை பூமியின் சரக்கு. தூசி ஆகாயத்தின் சரக்கு. இரண்டும் உள்ளே போனால் சண்டை போடும்" என்றார் தாரகானந்தர். சண்டை வேண்டாமென்று லீலா மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

மருத்துவமனையில் சளி பார்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் கனிமொழி. தேசூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். அப்பா, அம்மா அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டுப் படிக்க வைத்த பெண். வயது இருபத்தெட்டு. நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, ஊர் துப்பியதில் கிருமி தேடுவது அவள் வேலை. மூன்று வாரமாக லீலா மாத்திரை விழுங்க வராமல், அவள் பெட்டி மருத்துவமனை அலமாரியில் அப்படியே இருப்பதைப் பார்த்தாள். நான்காவது வாரம் நேரே வீட்டுக்குப் போய்விட்டாள்.

லீலா முற்றத்தில் குந்திக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது? எத்தினி நாளா இப்படி?"

"பத்து நாளா, மேடம்." லீலா வாயைத் துடைத்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் சிரித்தாள். "சாமி சொன்னாரு, பழைய பாவம் வெளிய போவுதாம்."

"பாவம் இல்லக்கா, காலையில சாப்பிட்ட இட்லி போவுது. மாத்திரைய ஏன் நிறுத்தினீங்க?"

"அதான் இருமல் நின்னுடுச்சே."

"எப்ப நின்னுச்சு? தூசி சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

லீலா விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். அருணகிரி தறியை விட்டு எழுந்து வந்தார். நல்ல மனிதர். குரல் உயராத மனிதர்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. இவ நல்லா இருந்தா போதும் எனக்கு. மாத்திரையில பாதி, சாமியில பாதி, எதுல நிக்குதோ நிக்கட்டும்னு வுட்டுட்டேன்."

"பாதி மாத்திரையில கிருமி பாதி சாவாது, அண்ணா. தப்பிச்ச கிருமி மருந்துக்கே பழகிப் பூடும். அப்புறம் அதே மாத்திரை வேலை செய்யாது."

அப்போதுதான் அவள் கண்ணில் அந்த எவர்சில்வர் டம்ளர் பட்டது. முந்தின நாள் குடிக்க முடியாமல் லீலா மீதி வைத்த எலுமிச்சைச் சாறு, அடியில் தூசியோடு அப்படியே கிடந்தது. சாறு மஞ்சளாக இல்லை. பச்சையாக இருந்தது.

கனிமொழி டம்ளரைத் தூக்கி வெயிலில் பிடித்தாள். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை விட்டுவைத்தால் ஏறுமே, அந்தக் களிம்புப் பச்சை. "இந்தப் பொட்டலத்துல ஒண்ணு குடுங்கக்கா" என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தாள். நட்சத்திரத் தூசி என்று ஒன்று உண்டா, இல்லை அதுவும் புளுகா என்று பார்க்க வேண்டும். இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் புரிந்தது. ஆனால் படிக்கப் படிக்க எழுந்திருக்க மனம் வரவில்லை.

உண்டாம். நிஜமாகவே உண்டாம்!

சூரியன் பிறப்பதற்கு முன்னால், ஏதோ பழைய நட்சத்திரங்கள் சாகும்போது விட்ட மூச்சில் உறைந்த துகள்கள். சில ஆதிகால விண்கற்களுக்குள் அவை அப்படியே பத்திரமாக இருக்கின்றன. வைரம் இருக்கிறது, ஆனால் கோடிக்கணக்கில் சேர்த்தாலும் ஊசிமுனையில் நின்றுவிடும். பென்சிலில் இருக்கும் கிராஃபைட் இருக்கிறது. மாணிக்கத்தின் இனமான குருந்தம் இருக்கிறது. சிலிக்கன் கார்பைடு என்று ஒன்று இருக்கிறது. அது என்னவென்று தேடினாள். கத்தி தீட்டுகிறவன் சைக்கிளில் சுற்றுகிற சாணைச் சக்கரத்தில் இருக்கிற சரக்கு! பூமியில் உலையில் போட்டுச் செய்கிறார்கள். வானத்தில் நட்சத்திரம் செய்திருக்கிறது.

அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது. கல்லைத் திராவகத்தில் போட்டுக் கரைத்தார்களாம். திரும்பத் திரும்ப. கரைய வேண்டியதெல்லாம் கரைந்த பிறகு அடியில் மிஞ்சுகிறதே, அதில்தான் நட்சத்திரம். ஒரு கிலோ கல்லைக் கரைத்தால் அந்தச் சாணைச் சரக்கு சில கடுகளவு தேறினால் அதிகம். பழைய பட்டுப்புடவையைக் கொளுத்திச் சாம்பலில் ஜரிகை வெள்ளியை எடுக்கிறார்களே ஆரணியில், ஏறக்குறைய அதே வேலை.

அவளுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. இத்தனை அழகான சங்கதியை எடுத்து, அதன் பெயரில் லீலாவை வாந்தி எடுக்க வைத்துவிட்டானே!

மறுநாள் நகை வேலை செய்யும் பொன்னுசாமி ஆசாரியைப் போய்ப் பார்த்தாள். ஆரணியில் ஜரிகை அசலா போலியா என்று சந்தேகம் வந்தால் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். அறுபது வயது. அதிகம் பேச மாட்டார். அவர் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு சிரித்தார்.

"மண்டபத்துக்கு எப்ப போலாம்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. மண்டபத்தில் நிற்க இடமில்லை. கனிமொழி வரிசையில் நின்று, முறைப்படி காணிக்கை கட்டி, ரோகிணி நட்சத்திரம் என்று சொல்லி ஒரு பொட்டலம் வாங்கினாள். வாங்கியவள் நகரவில்லை.

"சாமி, ஒரு சந்தேகம்."

"பக்தியில் சந்தேகம் கூடாது, மகளே."

"பக்தியில இல்லைங்க, பொடியில. அமிலம் தொடாதுன்னு சொன்னாங்களே, நெஜமா?"

"சத்தியம்!" ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் சத்தியம் மண்டபம் முழுவதும் எதிரொலித்தது.

"அப்ப ஒரு தபா தொட்டுப் பாக்கலாமா? ஆசாரி திராவகம் எடுத்துகினு வந்துகிறாரு."

தாரகானந்தரின் இரண்டு கண்களும் முதன்முறையாக ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்தன. சந்திரமோகன் குறுக்கே பாய்ந்தார்.

"யாரும்மா நீ? எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் வருகிறாள்.

"ஆஸ்பத்திரி. ஊரே வந்து துப்பற இடம். நீங்களும் வந்துகிறீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சந்திரமோகன் அவளை வெளியே அனுப்ப ஆள் கூப்பிட்டார். ஆனால் விதியைப் பாருங்கள், தாரகானந்தருக்கு வினை வந்தது பகுத்தறிவாளர்களால் இல்லை. பக்தர்களால்!

"ஊத்தச் சொல்லுங்க சாமி! அந்தப் பொண்ணு மூஞ்சில கரி பூசுங்க!" என்று ஒரு பெரியவர் கத்தினார்.

"சாகாத தூசிய நாங்களும் பாக்கணும்!"

"ஜல்தி ஊத்துங்க ஆசாரி, எங்களுக்குப் பஸ்ஸுக்கு டைம் ஆவுது!"

அவர்கள் அவரை நம்பினார்கள். அதுதான் அவருக்கு வந்த பேஜார். முந்நூறு பேர் நம்பிக்கையோடு அற்புதம் பார்க்கக் காத்திருக்கும்போது எந்தச் சாமியாரால் மறுக்க முடியும்? "அமிலம் தீட்டு" என்று முனகிப் பார்த்தார். "ஆசாரி கை கோயில் நகை செய்யற கைங்க" என்று கூட்டமே பதில் சொல்லிவிட்டது.

மண்டபத்தின் திறந்த முற்றத்தில் ஒரு முக்காலி போட்டார்கள். அதன்மேல் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் ரோகிணிப் பொட்டலத்தைக் கொட்டினாள் கனிமொழி. இன்னொன்றில் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த ஒரு கறுப்புத் தூளைக் கொட்டினாள்.

"அது இன்னா?" என்றார் முன்னால் நின்ற அருணகிரி. பக்கத்தில் லீலா, முந்தானையால் வாயை மூடியபடி.

"சாணைக்கல் தூளுண்ணா. நெஜமான விண்கல்லுக்குள்ள நட்சத்திரத் தூசின்னு இருக்கறதுல இந்தச் சரக்கும் ஒண்ணு. இத அமிலம் தொடாது. சாமி பொடியையும் தொடாதுன்னா சாமி சொன்னது மெய்."

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. மூக்க மூடிக்குங்க" என்றார் பொன்னுசாமி. புட்டியைத் திறந்து இரண்டிலும் அளவாக ஊற்றினார்.

சாணைத்தூள் சும்மா இருந்தது. திராவகத்துக்கு அடியில் குளம் பார்த்து உட்கார்ந்த எருமை மாதிரி அசையாமல் கிடந்தது.

ரோகிணி சும்மா இருக்கவில்லை. சீறியது. நுரைத்தது. செம்பழுப்பு நிறத்தில் புகை கக்கியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "அரோகரா!" என்றது ஒரு குரல். புகை காற்றில் கலைந்தது. பொன்னிறப் பொடியைக் காணோம். கோடானுகோடி மைல் தாண்டி வந்த சாகாத தூசி, ஆசாரியின் புட்டியைத் தாண்டவில்லை.

டம்ளரில் இருந்த திராவகம் பச்சையாக இருந்தது. ஆசாரி கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். பச்சை நீலமாகப் போயிற்று.

கனிமொழி முக்காலியை விட்டு விலகி வழி விட்டாள். ஆரணியில் அந்த நிறத்தை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாம். நெசவாளர் வீட்டில் ஒவ்வொருவரும் எப்போதாவது ஒருமுறை ஏமாந்து, அந்த நிறத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவர்கள்தான்.

அருணகிரி குனிந்து டம்ளரைப் பார்த்தார். நிமிர்ந்தார். குரல் உயராத மனிதர் கத்தினார்.

"செம்பு! டூப்ளிகேட் ஜரிகைடா இது! எம் பொண்டாட்டிக்கு டூப்ளிகேட் ஜரிகையக் கரைச்சுக் குடுத்துகிறான்!"

"ஆசிடில் கலப்படம்!" என்றார் தாரகானந்தர்.

"கலப்படம்னா சாணைத்தூளும் கரையணுமே" என்றார் பொன்னுசாமி. அன்று அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது.

அதற்குள் காத்தாயி மேடையின் திரைக்குப் பின்னால் போயிருந்தார். இருபத்தேழு டப்பாவும் எங்கிருந்து நிரம்புகின்றன என்று பார்க்கும் ஆசை. உள்ளே இருபத்தேழு நட்சத்திரம் இல்லை. ஒரே ஒரு பிளாஸ்டிக் டிரம் இருந்தது. பக்கத்தில் ஓர் உரல். ஒரு சாக்கு நிறையக் கொளுத்தின போலி ஜரிகைக் கழிவு. டிரம்மை உருட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"இன்னாய்யா, எல்லாருக்கும் இதே கலப்புதான்! எங்கிட்ட மட்டும் எக்ஸ்ட்ரா துட்டு வாங்கினியே!"

லாரிக்குக் கூண்டு கட்டும் ஒருவர் மேடையேறி வானத்துக் கல்லைப் புரட்டினார். சந்தனம் படாத அடிப்பக்கம் முழுக்க இட்லி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. "இது வார்ப்புப் பட்டறைக் கசடுங்க. ரோட்டோரம் கொட்டி வெச்சிருப்பான், எத்தினி வேணும்?" என்றார்.

தாரகானந்தர் காவியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார். நாலு பேர் அமுக்கினார்கள். அமுக்கியதும் இலக்கணத் தமிழ் கழன்று விழுந்தது. "யம்மா, வுட்டுடுங்கம்மா, வுட்டுடுங்கம்மா!" என்று உச்சக் குரலில் கூவினார்.

அந்தக் கூவலைக் கேட்டதும் காத்தாயி நின்றுவிட்டார். "தே, இது பச்சையப்பன் இல்ல? பழைய பொடவ, ஜரிகை வாங்கறேன்னு தெருத் தெருவா கூவிகினு வந்தவன்! தாடி வுட்டா தெரியாதா, தொண்டைய எங்கடா ஒளிப்பே?"

போலீஸ் வந்தது. சந்திரமோகனைத் தேடினார்கள். "நானும் ஏமாந்தவன்தான் சார், நான் அனுஷம்" என்று அவர் ஏமாந்தவர்கள் கூட்டத்தில் முதல் ஆளாக நின்று புகார் எழுதிக்கொண்டிருந்தார். அவரையும் சேர்த்துத்தான் ஏற்றினார்கள்.

கூட்டம் கலைய மனமில்லாமல் நின்றது. லீலா மட்டும் கனிமொழியின் பக்கத்தில் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"வெக்கமா கீது மேடம். நாலெழுத்துப் படிச்சவ நான்."

"நல்லாயிடணும்னு ஆசப்பட்டீங்க. அதுல இன்னாக்கா வெக்கம்? நாளைக்குக் காலையில வாங்க. சளி எடுத்துப் பாக்கலாம்."

லீலா வந்தாள். இருமல் திரும்பியிருந்தது; சளியில் கிருமியும் மறுபடி தலைகாட்டியிருந்தது. மருத்துவர் திட்டினார்; மருந்தை முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை ஊசியும் சேர்ந்து எட்டு மாதம். அருணகிரி தறியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு முறையும் கூடவே வந்து, அவள் மாத்திரையை விழுங்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஆடி மாதத்தில் இருமல் முழுக்க நின்றது. தீபாவளிக்கு முன்னால் கடைசி மாத்திரை. கிருமி இல்லை என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு, கனிமொழி அதை அருணகிரியின் கையில் கொடுத்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அடுத்த வாரம் ஆய்வக வாசலில் ஒருவர் தேங்காய், பழம், வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றார். கண்ணமங்கலத்துக்காரர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டார்.

"தூசியப் பச்சையாக்கின அம்மா நீங்கதானுங்களே?"

"ஆமா. எதுக்கு?"

"என் பொண்ணுக்கு வரன் தள்ளிக்கினே போவுதும்மா. உங்க கையால ஏதாவது ஒரு பொடி..."

கனிமொழி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படத் தெம்பில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"ஐயா, உங்க மண்டைக்குள்ள இருக்குதே மூளை, அதுல இருக்கற கரியும் ஏதோ ஒரு காலத்துல நட்சத்திரத்துல வெந்து வந்த சரக்குதான். அசல் சரக்கு. பொறக்கச் சொல்லவே சும்மா குடுத்து அனுப்பிகிறாங்க. வெளிய போயி பொடி தேடாதீங்க. அத வெச்சு யோசிங்க."

அவர் பயபக்தியோடு தலையாட்டினார். எழுந்தார். தட்டை மேசைமேல் வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"யோசிக்கிறேன்மா. எத்தினி நாளைக்கு யோசிக்கணும்? ஒரு மண்டலம் போதுங்களா?"

"சாகிற வரைக்கும்" என்றாள் கனிமொழி.